அண்ணன்மார் கும்பிடும் தங்கை



பேய்க்கதை என்றதும் உங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 'சந்திரமுகி'யாக இருக்கும். 2005-இல் வந்த படம். 1993-இல் மலையாளத்தில் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' அதற்கு மூலம். பூட்டிக் கிடக்கும் மாடி அறை, அந்த மாளிகையில் எப்போதோ கொல்லப்பட்ட ஆடல்மகள், விவரம் தெரியாமல் பூட்டைத் திறந்துவிடும் புது மருமகள். மனநல மருத்துவர் வருகிறார், நோயைக் கண்டுபிடிக்கிறார், தீர்த்துவைக்கிறார். மருமகள் பிழைத்துவிட்டாள் என்று நாமும் நிம்மதியாக எழுந்து வந்தோம். ஆனால் அந்த வீட்டில் ஒருத்தியை உயிரோடு எரித்தார்களே, அவளுக்கு யார் என்ன செய்தார்கள்? படம் அந்தக் கேள்விக்குள் போகவில்லை. அது மருத்துவம் பற்றிய படம், போக வேண்டிய தேவை அதற்கு இல்லை.

இதே காரியம் விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்திருந்தால் கதை வேறு வழியில் போயிருக்கும். செத்தவளைக் கூப்பிட்டுப் பேர் கேட்டிருப்பார்கள். என்ன வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். அவள் அந்த வீட்டுக்காரி என்று தெரிந்தால் நடுவீட்டில் அவளுக்கு ஓர் இடமும் வருஷத்துக்கு ஒரு புடவையும் கொடுத்திருப்பார்கள். நான் இன்று பேச வந்தது அந்தப் புடவையைப் பற்றித்தான். அதை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள், கொடுத்துவிட்டு எந்தக் கதையைச் சொல்கிறார்கள் என்பதைப் பற்றி.

பேய் உண்டா இல்லையா என்ற வழக்கை நான் இந்த மேடையில் எடுக்கப் போவதில்லை. பேயாக வருகிறாள் என்று சொல்லப்படும் அந்தப் பெண் ஒரு காலத்தில் சோறு தின்று, தண்ணீர் சுமந்து, நம்மைப் போல் நடமாடியவள். அவளை யாரோ சாகடித்தார்கள், அல்லது சாகும்படி விட்டார்கள். இந்த மாலைக்கு எனக்கு அந்த அளவு போதும்.

வட மாவட்டத்துக்காரர்களுக்குப் பூவாடைக்காரியைத் தெரியும். வீட்டில் கல்யாணம் என்றால் பத்திரிகை அடிப்பது, பந்தல் போடுவது இதற்கெல்லாம் நடுவில், குடும்பத்தில் அகாலமாகச் செத்த பெண்ணை அழைத்து வர வேண்டும். கன்னியாகச் செத்தவளாக இருக்கலாம், புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போனவளாக இருக்கலாம். கிணற்றங்கரைக்கோ குளத்தங்கரைக்கோ பங்காளிகள் எல்லோரும் போவார்கள். பம்பைக்காரர் பம்பை அடித்துப் பாடுவார். பாட்டு ஏற ஏற அங்கே நிற்கும் யாரோ ஒருவர் மேல் அவள் இறங்குவாள். "யாரும்மா வந்திருக்கறது?" என்று கேட்பார்கள். உடனே பதில் வராது. அழுகை வரும். மறுபடி கேட்பார்கள். "என்னை மறந்துட்டீங்களே" என்பாள். இன்னும் கேட்பார்கள். கடைசியில் ஒரு பெயர் வரும். அந்தப் பெயர் வந்தவுடன் கூட்டத்தில் இருக்கும் வயதான பெண்கள் வாய்விட்டு அழுவதைப் பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பார்கள். பிறகு தண்ணீர்க் குடத்தில் அவளை வீட்டுக்குள் கொண்டுவந்து, புதுப் புடவை வைத்துப் படைத்து, கல்யாணத்தை நீதான் முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வார்கள்.

இசபெல் நபோகோவ் என்ற மானிடவியலாளர் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் தங்கி இந்தச் சடங்குகளைப் பார்த்து எழுதிய நூல் 2000-இல் வெளிவந்தது. அவர் எடுத்துக்காட்டும் ஒரு வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளியிலிருந்து வந்து பிடித்த பேயை நம் ஊரில் விரட்டுவார்கள். வேப்பிலையால் அடிப்பார்கள், உச்சிமுடியைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி வைத்து அடிப்பார்கள். வீட்டுப் பெண் வந்தால் விரட்டுவதில்லை, உள்ளே அழைத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: இரண்டிலும் முதலில் விசாரணை நடக்கிறது. நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய், ஏன் வந்தாய். உயிரோடு இருந்தபோது ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்விகள் இவை. அவள் செத்த அன்று காவல் நிலையத்திலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சாமி எந்தப் பெண் மேல் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் அது மருமகள் மேல் வரும். அவள் வேறு ஊரிலிருந்து வாழ வந்தவள். அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை என்று ஆண்கள் சத்தியம் செய்வார்கள். அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அரிசி புடைக்கும்போது, பேறுகாலத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கிணற்றுப் பக்கம் உச்சி வெயிலில் போகாதே என்று தடுக்கும்போது, பெரிய மாமியாரோ நாத்தனாரோ பாதிப் பேச்சாக எதையோ சொல்லியிருப்பார்கள். அந்தப் பாதிப் பேச்சுகள் ஒருத்திக்குள் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் வெளியே வருகின்றன. மருமகளாக அவள் பேசினால் வாயை மூடு என்பார்கள். சாமியாக அவள் பேசும்போது மாமனார் கைகட்டி நிற்கிறார். நம் வீடுகளில் புதைத்துவைத்த செய்தி தலைமுறை தாண்டி வந்து சேர இப்படி ஒரு வழி இருந்திருக்கிறது. இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கொலையுண்டவள் வாதியாகத் திரும்பி வந்து வழக்காடிய கதைகளில் பழையது நீலியின் கதை. திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர் இருக்கிறது. ஒருத்தியைக் கணவன் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகி அலைகிறாள். மறுபிறவியில் அவன் காஞ்சிபுரத்து வணிகன். வழிப்பயணத்தில் அவனைக் கண்டுபிடிக்கிறாள். அவனிடம் காவலுக்கு மந்திரக் கத்தி இருப்பதால் நெருங்க முடியவில்லை. கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடிய சபையில் போய் நிற்கிறாள். இவர் என் கணவர், என்னை விட்டு ஓடுகிறார் என்கிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று அவன் கதறுகிறான். சபை அவளை நம்புகிறது. உன் உயிருக்கு ஒன்று நேர்ந்தால் எழுபது பேரும் உயிர் கொடுப்போம் என்று வாக்குக் கொடுத்து, கத்தியை வாங்கிக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் விடுகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீ வளர்த்து இறங்கிவிடுகிறார்கள். சம்பந்தர் தேவாரத்திலேயே இந்த நிகழ்ச்சிக்குக் குறிப்பு இருக்கிறது. அப்படியானால் ஏழாம் நூற்றாண்டிலேயே எல்லோருக்கும் தெரிந்த கதை.

தெற்கே வில்லுப்பாட்டில் இதே நீலிதான் இசக்கியாக நிற்கிறாள். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில், இன்று காற்றாலைகள் சுழலும் முப்பந்தலில் அவளுக்குப் பெரிய கோயில். தென்னாட்டுக் கதையில் அவள் ஒரு தாசியின் மகள். நகைக்காக அவள் காதலன் காட்டில் வைத்துக் கொல்கிறான். சாகிற நேரத்தில் பார்த்தவர் யாரும் இல்லை, பக்கத்தில் ஒரு கள்ளிச் செடி மட்டும் இருக்கிறது. நீயே சாட்சி என்று அதனிடம் சொல்லிவிட்டுச் சாகிறாள். பின்னால் குழந்தையாக இடுப்பில் வந்து உட்கார்வது அந்தக் கள்ளிதான். அந்த இடத்தை அண்ணாவி பாடும்போது வில்லின் மேல் வீசுகோல் விழும் வேகமே மாறிவிடும்.

இந்த நீலிக்கு இன்னும் பழைய ஒரு பெயர்க்காரி இருக்கிறாள். சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு ஒரு முற்பிறவிக் கதை சொல்கிறது. கோவலன் முற்பிறவியில் பரதன் என்ற பெயரோடு இருந்தான். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பழி சொல்லிக் கொல்லக் காரணமானான். சங்கமன் மனைவி பதினான்கு நாள் அழுது அலைந்து, மலையேறி விழுந்து உயிர்விட்டாள், விழும்போது சாபமிட்டாள். அவள் பெயரும் நீலி. கோவலனைத் துரத்தி வந்த கடன் அவளுடையது என்கிறது காப்பியம். கண்ணகியின் நீதிக்கு அடியில் இன்னொரு பெண்ணின் தீராத வழக்கு கிடக்கிறது என்று இளங்கோ எழுதிவைத்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

இனி என் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அகாலமாகச் செத்தவர்களைக் கும்பிடுவது நமக்குப் பழக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். நெல்லை, குமரிப் பக்கத்தில் கொலையுண்டவர்களை வெட்டுப்பட்ட வாதை என்பார்கள். யாராக இருந்தாலும் சரி, துர்மரணம் என்றால் படையல் உண்டு. 1809-இல் திருவிதாங்கூர் அரணைப் பிடிக்க நடந்த சண்டையில் காயம்பட்டுச் செத்த ஓர் ஆங்கிலேய அதிகாரிக்குச் சாராயமும் சுருட்டும் வைத்துக் கும்பிட்டார்கள் என்று கால்டுவெல் 1849-இல் எழுதினார். அந்த அதிகாரியைக் கும்பிட்டவர்களுக்கு அவரோடு உறவில்லை, பயம் மட்டும்தான். வீட்டுத் தெய்வம் அப்படி அல்ல. கன்னியாகச் செத்தவளுக்குப் பிள்ளை இல்லை, பேரன் பேத்தி இல்லை. அவளுக்கு வம்சம் கிடையாது. அப்படியானால் தலைமுறை தலைமுறையாக மகா சிவராத்திரிக்குச் சாமிப் பெட்டி தூக்கிக்கொண்டு போய் அவளுக்குச் சேலை சாத்துகிறவர்கள் யார்? அவளுடைய அண்ணன் தம்பிகளின் வாரிசுகள். அவளைக் குழிக்குள் இறக்கியது அந்த அண்ணன் தம்பிகள் என்றால், கொன்றவர்களின் வம்சம்தான் அவளுக்குப் பொங்கல் வைக்கிறது.

கதையை அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். பல ஊர்களில், பல சாதிகளில், கிட்டத்தட்ட ஒரே கதை கிடைக்கும். எங்கள் பெண் அழகி. அந்த நாட்டை ஆண்டவன், ராஜாவோ நவாபோ ஜமீன்தாரோ, அவளைப் பெண் கேட்டான். கொடுக்க மனமில்லை. மறுக்கவும் முடியாது. ராவோடு ராவாக ஊரைக் காலி செய்தோம். ஓட முடியாத நிலையில் அவளே என்னைக் குழியில் இறக்குங்கள் என்றாள், அல்லது தீயில் பாய்ந்தாள். தெய்வமானாள்.

சில இடங்களில் இது நடந்தும் இருக்கும். அதிகாரம் வைத்திருந்தவன் பெண் கேட்டால் ஏழைக் குடி என்ன செய்திருக்க முடியும் என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால் இத்தனை வீடுகளில் இதே கதை இருப்பதால், கதைக்குள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. பெண் கேட்டவன் வரவே இல்லை, அவன் சேதிதான் வந்தது. குழியை வெட்டியது யார்? நிலவறைக் கதவைச் சாத்தியது யார்? மண்ணைத் தள்ளியது எந்தக் கை? கதை அந்த இடத்துக்கு வந்தவுடன், வெட்டினார்கள், மூடினார்கள் என்று ஆள் பெயர் இல்லாமல் ஓடிவிடுகிறது. ராஜாவின் காலடியே படாத ஊர்களிலும் இந்த ராஜா கதை இருக்கிறது. அவள் வேறு ஒருவனை விரும்பியிருக்கலாம். வேறு சாதிக்காரனோடு போயிருக்கலாம். வயிற்றில் பிள்ளை இருந்திருக்கலாம். சில குடும்பங்களில் வயதான பெண்கள் மட்டும் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் இரண்டாம் கதை ஒன்று உண்டு. அதில் ராஜா இருக்க மாட்டான்.

ஆகவே என் முடிவு இது. வீட்டுத் தெய்வ வழிபாட்டில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. குற்றம் செய்த வீடு தன் கையால் அவளை நினைவில் வைத்திருக்கிறது, விளக்கேற்றுகிறது, அழுகிறது. அதே வீடு அவள் கதையைச் சொல்லும்போது பழியைத் தூக்கி வெளியே வைத்துவிடுகிறது. முதலாவதற்காக நான் அந்தக் குடும்பங்களை வணங்குகிறேன். இரண்டாவதை நாம் பேசியாக வேண்டும்.

இது குடிசைகளில் மட்டும் நடந்த காரியமும் அல்ல. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையைப் பாருங்கள். கண்ணகிக்குப் பிறகு பாண்டிய நாட்டில் மழை இல்லை, வறுமை, வெப்பு நோய். கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் அவளுக்குச் சாந்தி செய்து விழா எடுத்தான், மழை பெய்தது. கோவலனைக் கொன்றது பாண்டியர் வீடு, கும்பிட்டதும் பாண்டியர் வீடு. சாந்திக்கு என்ன கொடுத்தான்? ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான். ஒரு பொற்கொல்லன் பொய் சொன்னான் என்பது உண்மை. விசாரிக்காமல் கோவலனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொன்னவன் அரசன். அரசன் தன் உயிரை விட்டான், அது அவன் பெருமை. ஆனால் கதை அடுத்த தலைமுறைக்கு வரும்போது கழுத்தைக் கொடுத்தவர்கள் அந்தப் பொய்யில் பங்கே இல்லாத ஆயிரம் பேர். அவர்களுடைய பேய்களைப் பற்றி நாம் பாட்டு எதுவும் கேட்டதில்லை.

நல்லதங்காள் கதைக்கு வருவோம். விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்குப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வருகிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள், பசித்த பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்காமல் விரட்டுகிறாள். நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். நம் பாட்டிகள் இந்தக் கதை கேட்டு அழுதார்கள், அவர்கள் அழுகைக்கு நான் குறை சொல்ல மாட்டேன். மூத்த பிள்ளை தப்பி ஓடப் பார்க்கும் இடத்தில் கல் நெஞ்சும் கரையும்.

ஆனால் பழி முழுக்க ஒருத்தி தலையில் இறங்குகிறது. மூளி அலங்காரி என்ற பெயரே தமிழில் வசவாகிவிட்டது. அண்ணன் நல்லவன், நல்லதம்பி. அவன் மட்டும் வீட்டில் இருந்திருந்தால் என்று கதை ஏங்க வைக்கிறது. ஏன் அவள் அண்ணன் வீட்டு வாசலில் பிச்சைக்காரியைப் போல் நிற்க வேண்டியிருந்தது? அது அவள் பிறந்த வீடு. அந்த வயலில், அந்த நெல்லில் அவளுக்குப் பங்கு ஏன் இல்லை? கதை அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை, ஏனென்றால் கதை கேட்டவர்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்காது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்தது 1989-இல். இந்தியா முழுமைக்கும் 2005-இல் வந்தது. பெண்ணுக்குப் பங்கு கொடுக்காத வீடு, பட்டினியால் செத்த பெண்ணுக்குப் படையல் போட்டது. சொத்துப் பத்திரத்தில் இல்லாத பெயர் சாமிப் பெட்டியில் இருந்தது.

சில சமயம் வீட்டில் ரகசியமே இருந்திருக்காது. நடந்தது எல்லோர் கண்ணெதிரிலும் நடந்திருக்கும். அப்போது உண்மையை மூட ஒரு ரகசியத்தைப் புதிதாகக் கண்டுபிடிப்பார்கள். முத்துப்பட்டன் கதையில் அதுதான் நடந்தது. முத்துப்பட்டன் பிராமண இளைஞன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவரை விரும்புகிறான். அவர்கள் தகப்பன் வாலப்பகடை வைத்த நிபந்தனைகளை ஏற்று, பூணூலை அறுத்து, குடுமியைக் களைந்து, செருப்புத் தைத்துக் காட்டிக் கல்யாணம் செய்கிறான். மாமனார் மாடுகளை மீட்கப் போன இடத்தில் கொலையாகிறான். இரண்டு மனைவியரும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக இருக்கிறான். ஆடி அமாவாசைக்கு அங்கே கூடும் கூட்டத்தையும், அவனுக்குக் காணிக்கையாக வரும் செருப்புகளையும் நெல்லைக்காரர்கள் அறிவார்கள்.

இந்தக் கதைப்பாடலின் பாடங்களை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. மதுரைப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. பிற்காலப் பாடங்களில் ஒரு பிறப்பு ரகசியம் வந்து சேர்ந்திருப்பதை அவர் சுட்டிக்காட்டினார்: பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று. இது பின்னால் செருகியது என்பது அவர் முடிவு. ஏன் செருக வேண்டும்? பிராமணன் சக்கிலியப் பெண்களை மணந்தான் என்று கோயில் கொடையில் வருஷா வருஷம் பாடுவதைச் சிலரால் தாங்க முடியவில்லை. கதையை அழிக்கவும் முடியவில்லை, சாமி துடியான சாமி. ஆகவே ஒரு காட்டையும் இரண்டு அனாதைக் குழந்தைகளையும் உண்டாக்கினார்கள். இது வாலப்பகடைக்குச் செய்த அநியாயம் என்றுதான் சொல்வேன். பெற்ற தகப்பனை வளர்ப்புத் தகப்பனாக்கிவிட்டார்கள். மதுரைவீரனைக் காசி ராஜாவின் பிள்ளை என்று சொல்லும் கதையிலும் இதே கைவேலை இருக்கிறது என்பது பலர் கருத்து. என் கருத்தும் அதுதான்.

இதெல்லாம் அந்தக் காலம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2003-இல் விருத்தாசலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட இளைஞனையும் பெண்ணையும் பெண் வீட்டார் பிடித்து, நஞ்சைச் செலுத்திக் கொன்று, எரித்தார்கள். ஊரே பார்த்தது. வழக்கு மத்தியப் புலனாய்வுக்குப் போய், கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021-இல். வழக்கைத் திரித்த காவல் அதிகாரிகளும் அதில் தண்டனை பெற்றார்கள். உச்ச நீதிமன்றம் 2025-இல் தண்டனையை உறுதி செய்தது. இருபத்திரண்டு ஆண்டு. நடுவில் அந்த இளைஞனின் குடும்பம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். பழையனூர் எழுபது பேர் தவறான தீர்ப்புக்குத் தங்கள் உயிரைப் பிணையாக வைத்தார்கள் என்று ஒரு கதையை நூற்றாண்டுகளாகப் போற்றும் நாடு இது. அந்தக் கதையைப் போற்றும் நாம் இந்த வழக்கின்போது எங்கே இருந்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீலி இடுப்பில் இருந்த கள்ளியையும் நினைக்கிறேன். பிறந்த பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் புகட்டிய கொடுமை நம் மாவட்டங்கள் சிலவற்றில் இருந்தது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய அளவுக்கு இருந்தது. அந்தக் குழந்தைகளுக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாததால் கூப்பிடவும் முடியாது, பம்பைக்காரர் எந்தப் பெயரைச் சொல்லிப் பாடுவார்? அவர்கள் எந்த வீட்டிலும் தெய்வமாகவில்லை. வீட்டுக் கொல்லையில் புதைத்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போக வேண்டியிருந்த அந்தத் தாய்களின் நிலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது இன்னொரு மாற்றம் வேகமாக நடக்கிறது. குலதெய்வக் கோயில்களை எடுத்துக் கட்டுகிறோம். நல்ல காரியம்தான். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள், திறந்தவெளியில் பீடமாக இருந்தது கோபுரம் வைத்த கோயிலாகிறது, குடமுழுக்கு நடக்கிறது. அதோடு கதையும் மாறுகிறது. குழியில் இறக்கப்பட்ட பெண் பார்வதியின் அம்சமாகிறாள். கைலாயத்திலிருந்து வரம் வாங்கி வந்தாள் என்று பளிங்குக் கல்லில் வெட்டி வைக்கிறார்கள். ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர் வில்லுப்பாட்டு பற்றி 1988-இல் எழுதிய நூலில், தெய்வமாகவே பிறந்தவர்களின் கதைகளையும் கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகளையும் பிரித்துக் காட்டினார். கொலைக் கதை பாடும்போதுதான், சாவு நிகழும் கட்டத்தில்தான், சாமியாடிக்கு அருள் உச்சத்துக்குப் போகும் என்பதையும் கவனித்தார். அந்தச் சாவையே கதையிலிருந்து எடுத்துவிட்டால் அங்கே வந்து இறங்க யார் இருக்கிறார்கள்?

கோயில் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்வெட்டு வெட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள் என்று கேட்கிறேன். அடுத்த மகா சிவராத்திரிக்கோ, பங்குனி உத்திரத்துக்கோ, ஆடிக்கோ உங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போவீர்கள். அப்போது பூசாரி சொல்லும் கதையை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வீட்டில் மிக மூத்த பெண்மணி யாரோ அவரிடம் தனியாக உட்காருங்கள். உங்கள் வீட்டில் பிறந்து வேறு ஊருக்கு வாழப்போன அத்தைகளிடமும் கேளுங்கள். வீட்டு மானத்தைக் காக்கும் பொறுப்பு அவர்களுக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார்கள். அவள் பெயர் என்ன, என்ன வயது, யார் கூடப் பிறந்தவள், எந்த இடத்தில் செத்தாள், அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள், இன்னொரு நாள் போங்கள். அந்தக் கோயிலில் முன்பு பாடிய வில்லுக்காரரோ பம்பைக்காரரோ உடுக்கைக்காரரோ இருந்தால் அவரையும் பாருங்கள். அவருக்கு உரிய மரியாதை செய்து, முழுப் பாட்டையும் பதிவு செய்யுங்கள், இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது.

கதைகள் ஒத்துப்போகாது. பூசாரி சொல்வது ஒன்றாகவும் அத்தை சொல்வது வேறாகவும் இருக்கும். எது சரி என்று நீங்களே தீர்த்துவிடாதீர்கள். இரண்டையும் எழுதி, சொன்னவர் யார், அவருக்கு யார் சொன்னார்கள், என்றைக்குச் சொன்னார் என்று கீழே குறித்துவையுங்கள். அதை அந்தச் சாமிப் பெட்டியிலேயே, சேலைக்கு அடியில் வைக்கலாம். பங்காளிகள் கேட்டால் காட்டுங்கள்.